கருவி பழுதுபட்ட உயிர்

பக்கவாதம் வந்தவர்கள் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார்கள் என்பதைக் கணிக்க உலகெங்கும் மருத்துவர்கள் ஓர் அளவுகோலைக் கையாள்கிறார்கள். கிளாஸ்கோ மருத்துவர் ஜான் ரேங்கின் 1957இல் வகுத்ததைப் பின்வந்தவர்கள் திருத்தி விரித்தது அது. குறையே தெரியாதவருக்கு 0. எழ முடியாமல் படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு 5. இறந்தவருக்கு 6. நடை, குளியல், உடை, வேலை ஆகியவற்றைப் பார்க்கும் இந்த அளவுகோல் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. அதற்காக அது உருவாகவும் இல்லை, ஆகவே அதைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு நிலையிலும் வாழ்க்கையின் மதிப்பு எவ்வளவு என்று எண் போட்டார்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையைச் சோதித்து 2018இல் வெளியான டான் ஆய்வு அந்த எண்களைத்தான் பயன்படுத்தியது. குறையற்றவருக்கு 10; அங்கிருந்து படிப்படியாக இறங்கி, படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு 0. இறந்தவருக்கும் 0.

இந்த இரண்டு பூஜ்யங்களும் ஒன்றுதானா? இதற்கு மருத்துவத்திடம் மட்டும் பதில் எதிர்பார்க்க முடியாது. ஓர் உயிரின் மதிப்பு எதில் இருக்கிறது என்ற கேள்வி இது. சமயமும் தத்துவமும் பதில் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் இதே கேள்வி வேறு சொற்களில் வருகிறது. மூளையில் ரத்தம் கசிந்து, ஐசியுவில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பியவரைப் பார்க்க வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் சொல்கிறார்கள்: இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்திருந்தால் புண்ணியம். வேறு சிலர், ஆள் பழைய ஆளே இல்லை என்கிறார்கள். இன்னும் சிலருக்கு எல்லாம் முன்வினை. பரிவோடு சொல்லப்படும் இந்த மூன்று பேச்சும் ஒரே தவற்றிலிருந்து பிறக்கின்றன என்பதே என் வாதம். உயிரையும் அது கையாளும் கருவியையும் நாம் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். கருவி பழுதுபட்டால் உயிரின் மதிப்பே குறைந்துவிட்டதாகக் கருதுகிறோம். கருவியில் எழும் துயரத்தை அந்த மனிதரின் பலவீனமாகவும் குற்றமாகவும் பார்க்கிறோம்.

கசிவுக்குப் பின் என்ன நேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பேச முடியாது. மூளைத் திசுவுக்குள் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம், ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாமல் இருந்த பிரஷர். அப்படிக் கசிந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் வரை ஒரு மாதத்துக்குள் இறந்துபோகிறார்கள். மூளையை மூடியிருக்கும் உறைகளுக்கிடையே கசியும் வகை வேறு. குமிழ்போல் புடைத்த ரத்தக்குழாய் வெடிப்பதால் அது பெரும்பாலும் நேர்கிறது, ஐம்பதுகளில் இருப்பவர்களை, குடும்பப் பொறுப்பு தோளில் இருக்கும் வயதிலேயே தாக்குகிறது. பிழைத்தவருக்குக் கையும் காலும் மீண்டுவிட்டால் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். வெளியே தெரியாத தொல்லைகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் பின்தொடர முடியாமை. நேற்று சொன்னது நினைவில் நிற்காமை. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சிலருக்குத் துக்கமே இல்லாமல் அழுகை பீறிடும், சிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் சிரிப்பு வரும். அடக்க நினைத்தாலும் முடியாது. வேறு சிலருக்குத் துக்கமும் இருக்காது, விருப்பமும் இருக்காது. தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். இந்த நிலையை மருத்துவர்கள் மனச்சோர்விலிருந்து பிரித்தே பார்க்கிறார்கள். வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பல்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் உதவுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தில் இருப்பவை 12 சூத்திரங்கள்தாம். அவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் உயிர் எது என்பதைப் பற்றியவை. உடல் உயிரன்று, ஐம்பொறிகள் உயிரல்ல, மூச்சு உயிரன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறார். நம்மில் பலர் உயிர் என்றே எண்ணிக்கொண்டிருக்கும் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும்கூட உயிரல்ல. அவை அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். நினைப்பதும் துணிவதும் நான் என்று முனைவதும் இந்தக் கருவிகள் வழியே நடக்கின்றன. ஐந்து அவத்தைகள், அதாவது உயிரின் ஐந்து நிலைகள் பற்றிய கொள்கை இதை இன்னும் கறாராகச் சொல்கிறது. நனவில் உயிரோடு தொழிற்படும் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் ஒன்றே ஒன்று. கடைசி நிலையில் இருப்பதும் உயிர்தான். நனவில் இருந்ததைவிடக் குறைந்த உயிர் என்று எந்தச் சித்தாந்த நூலும் சொல்லவில்லை. உறக்கத்தையும் நோயினால் வரும் நினைவிழப்பையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு உயிரை எடை போடுவதை இந்த மரபு ஏற்கவில்லை என்பது மட்டுமே இங்கு வேண்டுவது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், அது வலுவான மறுப்பு. மூளையின் ஒரு பகுதி கெட்டால் பேச்சு போகிறது, இன்னொரு பகுதி கெட்டால் குணமே மாறுகிறது. சாந்தமானவர் எரிந்து விழுகிறார், சிக்கனமானவர் அள்ளி இறைக்கிறார். மூளையோடு எல்லாமே மாறும்போது மாறாத உயிர் என்று தனியாக ஒன்றை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? மூளைதான் மனிதர் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? சித்தாந்தம் இந்தச் சான்றுகளைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. கருவி இல்லாமல் உயிர் எதையும் அறியாது என்பது அதன் சொந்தக் கொள்கை. உயிர் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் சாட்சி என்றும் அது சொல்லவில்லை. சார்ந்ததன் வண்ணமாதல் என்று உயிரின் இயல்பை அது வரையறுக்கிறது. பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைப் படிகம் தன் நிறமாகக் காட்டுவதுபோல், உயிர் தான் சேர்ந்திருப்பதன் தன்மையை முழுதாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கசிவுக்குப் பின் எரிந்து விழுபவரின் கோபம் பொய்யில்லை, அவருடைய மாற்றமும் வெறும் தோற்றமில்லை. அது உண்மையாகவே அவருக்கு நேர்ந்தது. ஆனால் நேர்ந்தது அவருக்கு. இனி அவர் இல்லை, வேறொருவர் வந்துவிட்டார் என்று சொல்ல அதில் இடமில்லை. உயிர்க்கொள்கையை ஏற்காத ஒருவரும் இதில் பாதித் தூரம் கூட வரலாம்: நேற்று வரை அப்பா என்று அழைத்தவரை, முன்மூளையில் ஒரு புண் ஏற்பட்டது என்பதற்காக இன்று அப்பா இல்லை என்று ஆக்கும் உரிமை எவருக்கும் கிடையாது.

சார்ந்ததன் வண்ணம் என்ற இந்தக் கருத்து ஆய்வுகளோடு எதிர்பாராத விதத்தில் பொருந்துகிறது. மூளையின் இடப்பக்க முன்பகுதியில் அடிபட்டால் மனச்சோர்வு வரும் என்று நெடுங்காலம் ஒரு கொள்கை நிலவியது. சோகத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டதுபோல் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு அதுவரை கிடைத்த சான்றுகளைத் திரட்டிப் பார்த்தது; புண்ணின் இடத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதாக அதில் நிறுவ முடியவில்லை. புண் மட்டும் காரணமில்லை. வேலை போனது, பேச்சு போனது, வீட்டில் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பு போனது, பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். இவற்றின் வண்ணமும் உயிரில் ஏறுகிறது. மறுபுறம், மருந்தாலும் அந்த வண்ணத்தை ஓரளவு மாற்ற முடிகிறது. பிரிட்டனில் 3127 பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2018இன் இறுதியில் வெளியான ஃபோகஸ் ஆய்வில் ஆறு மாதம் தினமும் ஃப்ளுயாக்ஸெட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். கை கால் இயக்கத்திலும் அன்றாடச் செயல்திறனிலும் முன்னேற்றம் இல்லை. புதிதாக மனச்சோர்வு வருவது மட்டும் கொஞ்சம் குறைந்தது. எலும்பு முறிவு சற்றுக் கூடியது. எல்லோருக்கும் மாத்திரை கொடுங்கள் என்பது இதன் பொருளாகாது. துயரம் மருந்துக்கும் சூழலுக்கும் இளகக் கூடியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. நம்பிக்கை போதாது, மனத்தை ஒருமுகப்படுத்து, கடவுளை நினை என்று அவரிடம் உபதேசம் செய்கிறவர்கள், எந்தக் கருவியால் நினைக்க வேண்டுமோ அந்தக் கருவியே புண்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீண்ட காலத்தில் ஒரு வாழ்க்கை எப்படிப் போகும் என்பதற்கு நடிகை பட்ரீஷியா நீலின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த பொது வாழ்க்கை அது. 1964இல் ஆஸ்கர் பெற்றவர். 1965 பிப்ரவரியில், 39 வயதில், கருவுற்றிருந்த நிலையில், மூளையில் அடுத்தடுத்து ரத்தக்குழாய்க் குமிழ்கள் வெடித்தன. மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். விழித்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது, சொற்கள் போயிருந்தன. ஆகஸ்டில் நல்லபடியாக ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். கணவர் ரோல்ட் டால், குழந்தைகளுக்கான கதைகளால் புகழ்பெற்ற எழுத்தாளர். இங்கிலாந்தில் தங்கள் கிராமத்து அண்டை அயலாரைக் கூட்டி, முறை வைத்துக்கொண்டு நாள்தோறும் மணிக்கணக்கில் மனைவிக்குப் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். வாசிப்பு, எழுத்து, பெயர் சொல்லுதல் என்று ஓய்வில்லாமல் நடந்த அந்தப் பயிற்சி கொடுமை என்று சிலருக்குப் பட்டது. நீலுக்கும் அதில் கோபம் இருந்தது. 1968இல் அவர் மறுபடி திரையில் நடித்தார். அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. பாடம் சொன்ன அயலாரில் ஒருவரான வாலரி ஈட்டன் கிரிஃபித்தின் அனுபவத்திலிருந்து, பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்குத் தொண்டர்கள் உதவும் திட்டம் ஒன்று பிரிட்டனில் வளர்ந்தது. 1978இல் டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் நீலின் பெயரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. கசிவுக்கு முன்பே அவர் தம் ஏழு வயது மகளைத் தட்டம்மை தந்த மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு விபத்தில் தலையில் பலத்த காயம் பட்டிருந்தது. கசிவுக்குப் பின் அவரைத் தூக்கி நிறுத்திய திருமணம் 1983இல் முறிந்தது. 1988இல் வெளியான தன்வரலாற்றில் மனக்கசப்பும் நன்றியும் ஒன்றையொன்று விழுங்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 2010இல் 84 வயதில் இறந்தார். காரணம் நுரையீரல் புற்றுநோய். ரத்தம் கசிந்த அந்த இரவுக்குப் பிறகு 45 ஆண்டுகள். அவற்றில் மகிழ்ச்சி எவ்வளவு, துயரம் எவ்வளவு, துயரத்தில் கசிவின் பங்கு எவ்வளவு, மகளின் மரணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் போட வெளியாரால் ஆகுமா? 1965 பிப்ரவரியில் ஐசியுவின் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருவர் அந்த வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டிருந்தால், இந்த 45 ஆண்டுகளில் எது அவருக்குத் தெரிந்திருக்கும்?

அவர் புகழ்பெற்றவர், வசதி படைத்தவர், கணவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனால் ஒருவரின் கதையை விட்டுவிட்டு, பலரைக் கேட்டவர்களிடம் போவோம். மூளைத் தண்டில் பக்கவாதம் வந்து, உடல் முழுதும் அசைவிழந்து, கண்ணசைவால் மட்டும் பேசக்கூடியவர்களாகிவிட்டவர்கள் உண்டு. பிரான்ஸில் அவர்களுக்கான சங்கத்தின் வழியாக பெல்ஜிய ஆய்வாளர்கள் கேள்வி அனுப்பினார்கள். 2011இல் முடிவு வெளியானது. விடையளித்தவர்களில் 65 பேரின் பதில்களை ஆராய்ந்ததில் 47 பேர் தாம் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள், 18 பேர் இல்லை என்றார்கள். ரேங்கின் அளவுகோலில் ஐந்தாம் படி; மதிப்பெண் பூஜ்யம். ஊனத்தோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது என்று சொல்வதை அமெரிக்காவில் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் இருவரும் 1999இல் ஏற்கெனவே பதிவுசெய்திருந்தார்கள்.

இதை ஏற்காதவர்கள் கூறும் காரணம் எளிதில் தள்ளக்கூடியதன்று. ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ஆசைகளைச் சுருக்கிக்கொண்டு நிறைவடைந்துவிடுகிறார்கள், ஆகவே நிறைவு என்ற உணர்வை மட்டும் வைத்து வாழ்க்கையை அளக்கக் கூடாது என்று அமர்த்தியா சென் எச்சரித்திருக்கிறார். இவர்களும் அப்படி ஆசையைச் சுருக்கிக்கொண்டவர்கள்தாம் என்று வாதிடலாம். பதில் அனுப்ப முடிந்தவர்கள் மட்டுமே பதில் அனுப்பினார்கள், அனுப்பாதவர்களின் நிலை என்ன என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியை நான் முழுமையாக ஏற்கிறேன். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. முதலாவதற்கு அந்த ஆய்விலேயே விடை இருக்கிறது. மகிழ்ச்சியில்லை என்றவர்களின் துன்பம் பதற்றத்தோடும் பேச்சு மீளாததோடும் வெளியே போய்வர முடியாததோடும் சேர்ந்திருந்தது. ஆசையை அறவே சுருக்கிக்கொண்டவருக்கு வெளியே போக முடியாதது ஏன் வலிக்க வேண்டும்? அவர்கள் எதையும் மரத்துப்போய்ச் சொல்லவில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்பதை உணர்ந்தே சொல்கிறார்கள். அப்படியானால் இல்லாததைக் கொண்டுவந்து சேர்ப்பது நம் கடமையாகிறது. சென்னின் எச்சரிக்கையும் அதைத்தான் கேட்கிறது. இவர்கள் சொல்வதை நம்பாதே என்ற முடிவுக்கு அது இட்டுச்செல்லாது.

வெளியார் போடும் மதிப்பெண் வெறும் கருத்தாக நின்றுவிடுவதில்லை, அது ஆளைக் கொல்லவும் செய்யும். இனித் தேறி என்ன பயன் என்று முதல் நாளிலேயே தீர்மானித்துச் சிகிச்சையைச் சுருக்கினால் நோயாளி இறக்கிறார். அந்த மரணமே தீர்மானம் சரி என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. மூளைக் கசிவில் இந்தச் சுழல் நடக்கிறது என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ இதழ்கள் எழுதிவருகின்றன. அதனால்தான் அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல், நோயாளி முன்பே விருப்பம் எழுதி வைத்திருந்தால் ஒழிய, உயிர்ப்பிக்க வேண்டாம் என்ற புதிய உத்தரவை இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போடச் சொல்கிறது. முன்பே எழுதி வைத்தவரின் விருப்பம் வேறு. போதும் என்று தெளிந்த மனத்தோடு அவரே சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். நம் உச்ச நீதிமன்றம் 2018இல் அந்த உரிமையை ஏற்றது. வெளியார் அளக்கக் கூடாது என்ற என் வாதம் இங்கும் பொருந்தும், போதும் என்றாலும் வேண்டும் என்றாலும் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் மனச்சோர்வின் நடுவில் எழும் சாவு விருப்பத்துக்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

வினை என்ற பேச்சு மீதமிருக்கிறது. சைவத்தில் வினைக்கொள்கை உண்டு. அதை மறுத்துவிட்டுச் சைவம் பேச முடியாது. ஆனால் நோயுற்றவரின் கட்டில் ஓரத்தில் அந்தக் கொள்கைக்கு என்ன வேலை என்பதைத் திருஞானசம்பந்தர் ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறார். கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோடான கொடிமாடச் செங்குன்றூரில், உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது பாடியது திருநீலகண்டப் பதிகம். வினைக்குத் தக்க பயன் வருகிறது என்று சொல்லிக்கொண்டு, உய்வதற்கான வழியைத் தேடாமல் இருப்பது குறை என்று அதன் தொடக்கமே இடித்துரைக்கிறது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவனின் மகள் முயலகன் என்ற நோயால் நினைவற்றுக் கிடந்தாள்; வலிப்பு வகையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நோய் அது. பெற்றவன் அவளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தான். சம்பந்தர் அவளுடைய முற்பிறப்பை விசாரிக்கவில்லை. நோய் நீங்கப் பாடினார். சூலை நோயால் துடித்து வந்த திருநாவுக்கரசரை அக்கா திலகவதியார் வாசலிலேயே நிறுத்தி, சமணத்துக்குப் போனதன் பலன் என்று கணக்குக் காட்டவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். பெரிய புராணம் சொல்லும் இந்த நிகழ்ச்சிகளில் நோயுற்றவரிடம் இவர்கள் வினைக்கணக்குக் கேட்கவில்லை. வினை என்பது ஒருவர் தம் துன்பத்தைத் தாமே புரிந்துகொள்ள உதவலாம். அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கமாக அதை நீட்டுகிறவர் சம்பந்தர் காட்டிய வழியில் இல்லை.

இதற்கு நேரெதிரான ஒரு மயக்கமும் உண்டு. ஹார்வர்டில் மூளை ஆராய்ச்சியாளராக இருந்த ஜில் போல்ட் டெய்லருக்கு 1996 டிசம்பரில், 37 வயதில், இடப்பக்க மூளையில் ரத்தம் கசிந்தது. உள்ளே ஓயாமல் பேசும் குரல் அடங்கி, எல்லையற்ற அமைதி தம்மைச் சூழ்ந்ததாக அவர் பின்னர் எழுதினார். 2008இல் ஆற்றிய உரையால் அது உலகெங்கும் பரவியது. ஞானியர் தேடிய நிலை இதுதானோ என்று பலர் வியந்தார்கள். அவர் அனுபவத்தைச் சந்தேகிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அதே டெய்லர் ஆரம்பப் பாடம் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி கற்று மீள எட்டு ஆண்டுகள் ஆயின, தாயார் கூடவே இருந்து கற்றுக்கொடுத்தார். கருவி ஒன்று நின்றுபோனதால் வரும் அமைதியை அருள் என்று கொண்டால், அதே கசிவால் வேறொருவருக்கு வரும் இருளைச் சாபம் என்று கொள்ள வேண்டிவரும். இரண்டுக்கும் உயிரின் தகுதியோடு தொடர்பில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் பிழைத்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது பிரஷர் பார்ப்பதோடும் பிசியோதெரபி பற்றிக் கேட்பதோடும் நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா, எதிலாவது விருப்பம் இருக்கிறதா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர் சொல்லட்டும்; சொல் கிடைக்க நேரமாகும், காத்திருங்கள்.